காற்றுக்கும் மழைக்கும் சாயாமல் தக்காளிக்குக் குச்சி கட்டுவது

ஐப்பசி மாதம். ராத்திரி முழுக்க மழை. காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் 7 தக்காளிப் பைகளில் 5 படுத்துக் கிடக்கின்றன. குச்சி ஒன்றுகூட ஒடியவில்லை. கட்டு ஒன்றுகூட அவிழவில்லை. செடி, குச்சி, பை மூன்றும் சேர்ந்து அப்படியே சாய்ந்திருக்கின்றன. பச்சைக் காய்கள் தளம் பூராவும் உருண்டு கிடக்க, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயைப் பையிலிருந்து கொட்டிய தேங்காய் நார்த்தூள் அடைத்து மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர்.

பக்கத்துத் தோட்டத்து அய்யா புடலைப் பந்தல் போட்டே தலை நரைத்தவர். சத்தம் கேட்டு ஏறி வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏந் தம்பி, குச்சி செடியத் தாங்குதா, செடி குச்சியத் தாங்குதா?"

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. நான் அதுவரை என்ன குச்சி, எவ்வளவு உயரம், எந்தக் கயிறு என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், குச்சியின் கால் எதில் நிற்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நார்த்தூள் கலந்த மண் பஞ்சு மாதிரி. அதில் 5 அடி மூங்கிலை நட்டால் அது நிற்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். அதற்கப்புறம் மாடியிலும் கீழே கொல்லையிலும் பலவிதமாகச் செய்து பார்த்து, நிற்பது எது, விழுவது எது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை விடாது. இங்கே இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். ஆடிப்பட்டத்தில் விதை போட்டால் 25 நாளில் நாற்று எடுத்து ஆவணியில் நடுவோம். செடி சின்னதாக இருக்கும்போது மேல்காற்று அடிக்கும். அது ஓய்ந்து, செடி ஆளுயரம் வளர்ந்து, கிளைக்குக் கிளை காய் தொங்கும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். காற்று இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து. ஆக, செடி அதிகக் கனமாக இருக்கும் நேரமும் மண் அதிகமாக இளகும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. காற்று வருகிற பக்கம் குச்சி நட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், ஒரே திசையில் காற்றடிக்கும் ஊருக்கு அது சரி. நமக்கு இரண்டு பக்கமும் தாங்க வேண்டும்.

நடுவதற்கு முன்னால் செடி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். தக்காளியில் குட்டையாகப் படர்ந்து ஒரு உயரத்தோடு நின்றுவிடுவது ஒரு வகை, நுனி நிற்காமல் கொடிபோல நீண்டுகொண்டே போவது இன்னொரு வகை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம்.-1 முதல் வகை. அன்னஞ்சி என்கிற நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கியது அது. அதற்கு மண்ணுக்கு மேல் 3 அடி, மிஞ்சினால் மூன்றரை அடி இருந்தால் போதும். செர்ரி தக்காளியிலும் வீரிய ஒட்டு ரகங்களிலும் பல இரண்டாம் வகை, இவற்றுக்கு மண்ணுக்கு மேல் 5 அடியாவது வேண்டும், 6 இருந்தால் நிம்மதி. விதைப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? செடியையே பாருங்கள். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவே 3 இலை போல விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் கொடி வகை. ஓரிலை, இரண்டிலைக்கு ஒரு கொத்து வந்து, கடைசியில் நுனியிலேயே பூ வைத்து முடிந்தால் குட்டை வகை.

குட்டை வகைக்குக் குச்சியே வேண்டாம், தரையில் கிடந்தே காய்க்கும் என்பார்கள். காய்க்கும்தான். மழைக்காலத்தில் ஈர மண்ணில் கிடக்கும் பழத்தைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் கொழகொழவென்று இருக்கும். மானாவாரியில் போடுகிறவர்களுக்குக் குச்சிச் செலவு கட்டாது, அது வேறு கணக்கு. வீட்டுக்குப் பத்துச் செடி போடுகிற நமக்கு அந்தக் கணக்கு எதற்கு?

குச்சி எது நல்லது

சவுக்குக் குச்சி முதல் தேர்வு. நேராக இருக்கும், விலை மலிவு, கட்டடச் சாரம் கட்டுகிறவர்களிடம் கேட்டால் உடைந்த துண்டுகள் சும்மாவே கிடைக்கும். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தால் ஒரு செடிக்கு, மணிக்கட்டுப் பருமன் இருந்தால் வரிசையின் முனைக்கு. பட்டையை உரித்துவிடுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரம் தங்கி முதலில் அங்கேதான் கரையான் பிடிக்கும், கட்டிய கயிறும் இளகிய பட்டையோடு சேர்ந்து கீழே வழுக்கும்.

மூங்கிலில் ஒரு வசதி, கணு இருக்கிறது. கணுவுக்கு மேலே கட்டினால் கயிறு இறங்காது. ஆனால் பிளந்த மூங்கிலை வாங்காதீர்கள், முழு மூங்கிலாகவே சன்னமாகப் பார்த்து வாங்குங்கள். பிளந்தது ஒரு பக்கம் வளையும், கைக்குச் சிராய் ஏறும்.

கட்டடத்துக்குப் போடும் 8 எம்எம் முறுக்குக் கம்பி என் கையில் இருக்கும் பொருள்களில் நீண்ட நாள் வருவது. கடையில் ஒரு லென்த் 12 மீட்டர், எடை கிட்டத்தட்ட 4.7 கிலோ. கடையிலேயே 6 துண்டாக வெட்டித் தரச் சொன்னால் ஒவ்வொன்றும் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி வரும். அதன்மேல் இருக்கும் வரிவரியான முண்டு கயிற்றை நழுவவிடாது. துருப்பிடிக்கும், பிடிக்கட்டும். செடிக்கு ஒன்றும் ஆகாது. மேல் முனையில் மட்டும் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துவிடுங்கள், குனிந்து காய் பறிக்கும்போது கண்ணில் குத்துவது இந்தக் கம்பிதான்.

பச்சைக் குச்சி வெட்டி நடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் ஒரு வருடம் வேலியோரம் கிடைத்த கிளுவைக் குச்சிகளை வெட்டி நட்டேன், செலவில்லாமல் முடிந்தது என்று சந்தோஷம். 3 வாரத்தில் குச்சி துளிர்த்துவிட்டது. தக்காளிக்குப் போட்ட எருவையும் தண்ணீரையும் அது குடித்துக்கொண்டு, தக்காளி அதற்கு ஊன்றுகோல் மாதிரி நின்றது. கிளுவை, முருங்கை, பூவரசு, கிளைரிசிடியா எல்லாம் இந்த ஜாதிதான், ஈரம் பட்டால் வேர் விடும். வெட்டி ஒரு மாதம் வெயிலில் காயப்போட்ட பிறகு நடுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

மண்ணில் நடும்போது

குச்சியின் மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். 6 அடிக் குச்சியென்றால் ஒன்றரை அடி. முனைக்கால் என்றால் இன்னும் அரையடி. சுத்தியலால் தலையில் அடித்து இறக்குவது பார்க்கச் சுலபம், ஆனால் அரையடி போனதும் குச்சித் தலை பிளந்துகொள்ளும், நீங்களும் போதும் என்று விட்டுவிடுவீர்கள். கடப்பாரையால் முதலில் குழி குத்துங்கள். குத்திய இடத்தில் கடப்பாரையை வட்டமாக ஆட்டக்கூடாது, ஆட்டினால் குழி வாய் அகன்று குச்சி லொடலொடக்கும். நேராகக் குத்தி நேராக எடுத்து, குச்சியை இறக்கி, அப்புறம் தலைமேல் ஒரு மரத்துண்டை வைத்து 4 அடி அடியுங்கள்.

மணிக்கட்டுப் பருமன் கால்களுக்குக் குழி வெட்டித்தான் நட வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுவது. குழியில் காலை நிறுத்தி, மண்ணை மொத்தமாகத் தள்ளி, மேலே ஏறி நின்று மிதித்துவிட்டுப் போவார்கள். மேல் மண் மட்டும் இறுகும், அடியில் எல்லாம் பொத்தல். ஒரு சாண் மண் போட்டு, கடப்பாரையின் மொட்டை முனையால் சுற்றிச் சுற்றி இடித்து, மறுபடி ஒரு சாண், மறுபடி இடி. இடிக்கும் சத்தம் 'பொத் பொத்' என்பதிலிருந்து 'டொக்' என்று மாறும், அதுதான் அடையாளம். செம்மண்ணில் இது நன்றாகப் பிடிக்கும். கரிசலில் மழைக்கு மண் உப்பி இளகும், வெயிலுக்கு வெடித்து இடைவெளி விடும், அதனால் காலைச் சுற்றிக் கைக்கடக்கமான கற்களைச் செருகி இடியுங்கள், அரையடி ஆழமும் கூட்டுங்கள்.

கரையான் இருக்கிற மண்ணென்றால் மண்ணுக்குள் போகும் பகுதியையும் மண்ணுக்கு மேல் அரையடியையும் நெருப்பில் வாட்டிக் கருக்கிக்கொள்ளுங்கள். சாம்பலாகும் வரை இல்லை, மேல் தோல் கரியானால் போதும். பழைய எஞ்சின் ஆயில் தடவுகிறவர்கள் உண்டு. வேலிக்கால் என்றால் சரி, நாம் தின்கிற செடியின் வேர்ப்பக்கத்தில் அதைத் தடவ எனக்கு மனசு வரவில்லை.

நட்டு முடித்ததும் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். குச்சி வளையலாம், அடியில் மண் அசையக்கூடாது. மண்ணோடு சேர்ந்து அசைந்தால் பிடுங்கி மறுபடி நடுங்கள். ஐப்பசியில் பிடுங்குவதைவிட இப்போது பிடுங்குவது மேல்.

இதெல்லாம் நாற்று நடுகிற அன்றைக்கே, நாற்றுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். செடி சாய ஆரம்பித்த பிறகு குச்சி தேடி ஓடினால், குத்துகிற குச்சி நேராக வேரில்தான் இறங்கும். நாற்றுக்கும் குச்சிக்கும் 4 விரற்கடை இடைவெளி விடுங்கள்.

வரிசையாகச் செடி இருந்தால்

நாலைந்து செடிக்கு மேல் வரிசையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக்குச்சி வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் மணிக்கட்டுப் பருமனில் 7 அடிக் கால், 2 அடி மண்ணுக்குள். நடுவில் இரண்டு செடிக்கு ஒன்று வீதம் சன்னக் குச்சி. இப்போது சணல் கயிற்றை ஒரு முனைக்காலில் கட்டி, செடிகளுக்கு ஒரு பக்கமாக இழுத்துப் போய், வழியில் ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனைக் காலைச் சுற்றிக்கொண்டு, செடிகளின் மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். பூ தொடுக்கும்போது இரண்டு நாருக்கு நடுவே பூ நிற்கிறதே, அதே மாதிரி இரண்டு கயிற்றுக்கு நடுவே செடிகள் நிற்கும். முதல் கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். செடி வளர வளர, பத்து நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு சுற்று. குட்டை வகைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது, தனித்தனியாகக் கட்டுப்போடும் வேலையே இல்லை.

ஆனால் கயிறு இறுக இறுக, காய் கனக்கக் கனக்க, மொத்தப் பாரமும் முனைக்கால்களை உள்பக்கமாக இழுக்கும். நடுக்குச்சி எதுவும் சாயாமல் முனைக்கால் மட்டும் சாய்ந்து வரிசையே தொய்ந்துபோவதை எத்தனையோ தோட்டத்தில் பார்க்கலாம். கரண்டுக் கம்பத்துக்கு ஸ்டே கம்பி இருக்குமே, அதேதான் மருந்து. முனைக்காலிலிருந்து வெளிப்பக்கமாக 5 அடி தள்ளி ஒன்றரை அடிக் குழி. தேங்காய் அளவைவிடப் பெரிய கல் ஒன்றில் 14-ஆம் நம்பர் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குழியில் போட்டு, சாண் சாணாக இடித்து மூடுங்கள். கம்பியின் மறுமுனையை முனைக்காலின் தலைப்பக்கத்தில் கட்டுங்கள். கம்பியை இரட்டையாகப் போட்டு நடுவில் ஒரு ஆணியைச் செருகித் திருகினால் விறைப்பாகும், பிற்பாடு தளர்ந்தாலும் இன்னும் இரண்டு திருகு திருகிக்கொள்ளலாம். அய்யாவின் புடலைப் பந்தலில் நான் பார்த்துக் கற்றது இது. இன்னொன்றையும் கற்றேன். அந்தக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள், இருட்டில் தண்ணீர்க் குடத்தோடு அதில் தடுக்கி விழுந்த முழங்கால் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வலைக்கூண்டு

காசு கொஞ்சம் செலவானாலும் பத்து வருடம் வரட்டும் என்கிறவர்களுக்கு வெல்டு மெஷ் கூண்டு. இரும்புக் கடையில் கேட்கும்போது 4 இஞ்ச் கண் என்று கேளுங்கள். 2 இஞ்ச் கண் வாங்கினால் கை உள்ளே போகும், தக்காளியோடு வெளியே வராது. கோழி வலை என்று சன்னக் கம்பியில் பின்னியது ஒன்று தருவார்கள், அது வேண்டாம், காய் பிடித்ததும் அப்படியே குழைந்து உட்கார்ந்துவிடும்.

ஒன்றரை அடி விட்டம் இருந்தால் ஒரு செடிக்குத் தாராளம். அதற்குச் சுற்றளவு 4.7 அடி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கட்டக் கொஞ்சம் சேர்த்து 5 அடி நீளம் வெட்டுங்கள். உயரம் 4 அடிச் சுருளே போதும், கொடி வகை அதற்கு மேல் போனால் வழிந்து வெளிப்பக்கமாகத் தொங்கட்டும். வெட்டும்போது ஜாக்கிரதை. சுருளாக இருந்த வலை விரித்து வைத்தாலும் சுருளத்தான் பார்க்கும். கடைசிக் கம்பியை நான் வெட்டின நிமிடம் மொத்த வலையும் திரும்பி வந்து முழங்கையில் நாலு கோடு போட்டது. இரண்டு பக்கமும் பலகையை வைத்து, அதன்மேல் செங்கல் ஏற்றிவிட்டு வெட்டுங்கள், கையுறை இல்லையென்றால் கைகளில் பழைய சாக்கையாவது சுற்றிக்கொள்ளுங்கள்.

உருளையாக வளைத்துக் கட்டுக்கம்பியால் நாலைந்து இடத்தில் கட்டியபின், அடியில் இருக்கும் குறுக்குக் கம்பியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் நெடுக்குக் கம்பிகள் 4 இஞ்ச் காலாக நிற்கும். மண்ணில் அமுக்கினால் இறங்கிவிடும். அதோடு வேலை முடிந்ததென்று நினைத்தால் மறுபடி என் ஐந்து பைகளின் கதைதான், 4 இஞ்ச் கால் ஆளுயரச் செடியைப் பிடிக்காது. எதிரெதிராக இரண்டு 8 எம்எம் கம்பிகளைக் கூண்டின் கண்களில் மேலிருந்து கீழாகக் கோத்து, ஒன்றரை அடி மண்ணுக்குள் அடித்து, கூண்டோடு கட்டிவிடுங்கள். கூண்டு சட்டை மாதிரி, உடம்பு அந்த இரண்டு கம்பிதான்.

மாடியில்

பைக்குள் குச்சி நடுவது வீண். மாடியில் வைக்கும் பையின் ஆழம் பெரும்பாலும் ஓரடி, ஒன்றே கால் அடி, உள்ளே இருப்பதோ நார்த்தூளும் மண்புழு உரமும். அதனால் தாங்கு பைக்கு வெளியே நிற்க வேண்டும், பை வெறுமனே செடிக்குச் சோறு போடுகிற பாத்திரமாக மட்டும் இருக்கட்டும். தளத்தில் ஓட்டை போட்டு எதையும் இறக்கவே கூடாது, ஒழுக ஆரம்பித்தால் தக்காளி விலையில் அந்தச் செலவு தீராது.

நான் செய்திருப்பது இதுதான். 10 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, உள்ளே ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டிக் கழுவியது. ஒன்றேகால் இஞ்ச் பிவிசி குழாயில் ஓரடித் துண்டு இரண்டு, அடிவாயைப் பாலித்தீன் தாளால் மூடி டேப் ஒட்டி வாளியின் நடுவில் நிறுத்துங்கள். சிமெண்ட் 1, மணல் 2, முக்கால் இஞ்ச் ஜல்லி 4 என்ற கணக்கில் கலந்து சுற்றிலும் கொட்டி, ஒரு கம்பியால் குத்திக் குத்தி இறுக்குங்கள். தண்ணீரை அதிகம் ஊற்றிக் கூழாக்கிவிடாதீர்கள். குழாய் நேராக நிற்கிறதா என்பதற்கு ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும், அரை இஞ்ச் இங்கே சாய்ந்தால் 6 அடிக்கு மேலே போகும்போது அது பெரிய கோணலாகிவிடும். மறுநாளிலிருந்து ஒரு வாரம் மேலே தண்ணீர் நிறுத்தி வையுங்கள். கான்கிரீட் லிட்டருக்கு 2.4 கிலோ போல வரும், ஆக ஒரு வாளி சுமார் 24 கிலோ. 20 லிட்டர் வாளியில் போட்டால் 48 கிலோ, ஒரு ஆளால் நகர்த்த முடியாது. இதையும் அனுபவித்துத்தான் சொல்கிறேன், அந்த வாளி இன்னும் வார்த்த இடத்திலேயே இருக்கிறது, அதன்மேல் துளசித் தொட்டி வைத்திருக்கிறோம்.

அப்புறம் அந்த ஒன்றேகால் இஞ்ச் குழாய்க்குள் 1 இஞ்ச் குழாய் 6 அடி இறங்கும். லொடலொடப்புக்குப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றிச் செருகுங்கள். மிச்ச இடைவெளியில் மணலைக் கொட்டி நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டை போடும். இரண்டு வாளிக்கும் நடுவே 6 அடி இடைவெளி, மேலே குறுக்காக இன்னொரு 1 இஞ்ச் குழாய். வெறும் பிவிசி குழாய் வெயிலில் சூடேறித் தொய்யும். 4 செடி, செடிக்கு 4 கிலோ காய் என்று வைத்தாலும் 16 கிலோ, இலை தழை வேறு. அந்தக் குறுக்குக் குழாய்க்குள் 8 எம்எம் கம்பியைச் செருகிவிட்டால் தொய்வு நன்றாகக் குறையும். மூலைகளில் குழாய்களை இணைக்கும் எல்போவைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணி போட்டு நிறுத்துங்கள், சீசன் முடிந்தால் கழற்றலாம்.

இவ்வளவு செய்தும் வாளியின் அடி ஓரடிகூட அகலமில்லை, ஆகவே பலமான காற்று முகத்தில் அடித்தால் இந்தச் சட்டம் முழுதாகக் கவிழும். கைப்பிடிச் சுவரை ஒட்டியே வையுங்கள், இரண்டு காலும் சுவரில் முட்டியபடி. பிறகு துணிக்கொடி கட்ட அடித்திருக்கும் கொக்கியிலோ சுவரின் கம்பியிலோ நல்ல நைலான் கயிற்றால் ஒவ்வொரு காலையும் சுவரோடு இழுத்துக் கட்டுங்கள். கயிறு இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. வெளிப்பக்கம் போகாமல் சுவர் தடுக்கும், உள்பக்கம் வராமல் கயிறு தடுக்கும். போன வருடம் வந்த காற்றில் பக்கத்து வீட்டுத் தகரம் பறந்தது, இது அசையவில்லை.

ஒவ்வொரு செடிக்கும் மேலே குறுக்குக் குழாயிலிருந்து ஒரு சணல் தொங்கவிட்டு, கீழ்முனையைத் தண்டின் அடியில் தளர்வாகக் கட்டுங்கள். இறுகாத முடிச்சாக இருக்க வேண்டும், தண்டு பருமனாகப் பருமனாகச் சுருக்கு முடிச்சு அதைக் கழுத்தை நெரிக்கும். கொடி வளர வளர வாரம் ஒருமுறை நுனியைச் சணலில் மெதுவாகச் சுற்றிவிடுங்கள், எப்போதும் ஒரே பக்கமாக. மேலே ஒரு முழம் சணலை உபரியாகச் சுற்றி வைத்தால் பின்னால் இறக்கிக்கொள்ளலாம்.

கட்டுவது எதனால்

பழைய பனியன். வேறு யோசனையே வேண்டாம். ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்தால் தானாகச் சுருண்டு மெத்தென்று ஆகும், தண்டு பருத்தால் கூடவே நீளும். கட்டுக்கம்பியால் தண்டைக் கட்டவே கட்டாதீர்கள், பிளாஸ்டிக் சுதலியும் காற்றுக்கு ஆடி ஆடித் தண்டை அறுக்கும். சணல் வரிசைக்கு நல்லது, ஆனால் மழையில் நனைந்து நனைந்து இரண்டு மூன்று மாதத்தில் இற்றுப்போகும், பாதி சீசனில் ஒருமுறை இழுத்துப் பார்த்து மாற்றுங்கள். வாழைநார் அழகாக இருக்கும், வெயிலில் காய்ந்து ஒடியும்.

கட்டும்போது எட்டுப் போடுங்கள். நாடாவை முதலில் குச்சியில் நழுவாதபடி இறுக்கிக் கட்டி, நடுவில் ஒரு குறுக்கு, அப்புறம் தண்டைச் சுற்றித் தளர்வாக. தண்டுக்கும் நாடாவுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். அந்தக் குறுக்கு இருப்பதால்தான் தண்டு குச்சியில் உரசாமல் இருக்கிறது. கட்டு இலைக்காம்புக்கு அடியில் விழட்டும், பூங்கொத்துக்கு நேர் கீழே கட்டினால் காய் பெருக்கும்போது கொத்து அதில் மாட்டி முறியும். ஒரு சாணுக்கு ஒரு கட்டு.

செடி ஈரமாக இருக்கும்போது கட்டாதீர்கள், ஒரு செடியின் நோயைக் கையாலேயே அடுத்ததற்குக் கொண்டுபோவீர்கள். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள், புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் தக்காளிக்கும் வரும். எங்கள் வீட்டில் வெற்றிலை புகையிலை போட்டுக்கொண்டே கட்ட வந்த மாமாவை இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினேன், அவர் இன்னும் நம்பவில்லை.

கொடி வகையில் முதல் பூங்கொத்துக்குக் கீழே இலைக் கக்கத்தில் வரும் துளிர்களைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் எந்தத் தாங்கும் போதாது. குட்டை வகையில் கிள்ளக்கூடாது, கிள்ளினால் காயையும் சேர்த்துக் கிள்ளினதாகும். தரையிலிருந்து ஓரடி வரை இருக்கும் இலைகளை எடுத்துவிட்டால் மழையில் தெறிக்கும் மண் இலையில் ஒட்டாது, இலைக்கருகல் குறையும். அதற்குமேல் இலை பறிக்கும் ஆசை வேண்டாம். பங்குனி வெயிலில் இலை நிழல் இல்லாத காயில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விழும்.

சீசன் முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கிக் குச்சிகளைத் தனியாக எடுங்கள். கயிற்றுத் துண்டு ஒன்றுகூட விடாமல் உருவிவிட்டு, மண் போகத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். வாடல் நோய் வந்து செத்த செடியின் குச்சி என்றால் அடுப்புக்குப் போகட்டும். மிச்சத்தைப் பருமன் வாரியாகக் கட்டி, மண்ணில் படாமல் இரண்டு செங்கல் மேல், தாழ்வாரத்துக்கு அடியில். தோளால் தள்ளும்போது ஒடிந்த குச்சிகள் குட்டையானாலும் வீண் இல்லை, அடுத்த பட்டத்துக்குக் கத்தரிக்கு ஆகும்.